கட்கியில் வேனில் விருந்தினர்

நம் சங்கத்திற்குப் புதிதாக வந்து சேர்ந்த நண்பர் ஒருவர், “கட்கியில் பார்க்கத்தக்கது என்ன இருக்கிறது?” என்று என்னைக் கேட்டார். 1817ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பேஷ்வாவின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருத களம் இருக்கிறது என்றேன். உலகப் போர்களில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது என்றேன். வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது என்றேன். நண்பர் சிரித்தார். “எல்லாம் சாவோடு தொடர்புடையவையாக இருக்கின்றனவே! உயிரோடு இருப்பது ஒன்றும் இல்லையா?” என்றார். அக்கேள்விக்கு அன்று நான் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரையே அதற்கு விடை.

நான் விலங்கியல் மாணவன் அல்லன், பொருளாதாரம் பயில்கிறவன். கட்கிக் கடைத்தெருவை அடுத்து ஒரு சிறு அறையில் தங்கி, ரேஞ்சு ஹில்ஸ் வழியாக நாள்தோறும் மிதிவண்டியில் பல்கலைக்கழகத்திற்கு வந்து போகிறேன். வழியில் கண்டவற்றை மூன்று வேனில்களாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். அதில் பிழைகளும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்லுகிறேன். ஏனெனில் நான் கற்றதில் பாதி அப்பிழைகளால் கற்றதே.

நம் வேனிலும் இவ்வூர் வேனிலும்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணியும் புரட்டாசியும் கார். இக்கணக்கோடு கட்கிக்கு வருகிறவன் முதல் ஆண்டிலேயே ஏமாந்து போவான். நம் ஊரார் முதுவேனிலின் வெம்மையில் வாடும் ஆனி மாதத்தில் இங்கே குடை இல்லாமல் வெளியே போக முடியாது. ஜூன் 10ஆம் நாளை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை புனேயை வந்தடைந்து விடுகிறது. ஆகவே இவ்வூரில் முதுவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். இளவேனில் என்பது மாசியும் பங்குனியும். நம் கணக்குக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முந்தி!

இதை ஏன் இத்துணை விரிவாகச் சொல்லுகிறேன் என்றால், பறவைக்கும் பூச்சிக்கும் நாட்காட்டி என்பது மழைதான். மழை பெய்தால் தளிர் உண்டு. தளிர் உண்டானால் புழு உண்டு. புழு உண்டானால் குஞ்சுக்கு இரை உண்டு. வேனில் என்பது அம்மழைக்கு முன்னதாக நடைபெறும் ஏற்பாடு. திருமண வீட்டில் பந்தற்கால் நடுவது போன்றது அது. சில விருந்தினர் விடைபெறுகின்றனர். சிலர் வந்து சேருகின்றனர். வீட்டிலேயே இருப்பவர்கள் குரலை உயர்த்துகின்றனர்.

புரசும் இலவும்

மாசி மாதத்தில் முளா ஆற்றங்கரையிலும் சுற்றியுள்ள குன்றுகளிலும் மூன்று மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுச் செந்நிறப் பூவால் தம்மை மூடிக்கொள்கின்றன. மராத்தியர் இவற்றைப் பளஸ், காட்டேசாவர், பாங்கரா என்கின்றனர். பெயரைக் கேட்டு அந்நியமென்று எண்ணிவிட வேண்டா. பளஸ் என்பது நம் புரசு. சென்னையில் புரசைவாக்கம் என்னும் பெயரில் ஒளிந்திருப்பது இம்மரமே. காட்டேசாவர் நம் முள்ளிலவு. பாங்கரா நம் கல்யாண முருங்கை.

இம்மூன்றின் பூவிலும் மணம் குறைவு. நிறமும் தேனும் மிகுதி. காரணம் உண்டு. பறவைகளுக்கு மோப்ப ஆற்றலைவிடக் கண்ணாற்றல் மிகுதி. இலையற்ற கிளையில் நெருப்புப் போல் பூ நின்றால் தொலைவிலிருந்தே தெரியும். வந்த பறவை தேனைப் பருகுகிறது; நெற்றியிலும் கழுத்திலும் மகரந்தத்தைச் சுமந்து அடுத்த மரத்திற்குப் போகிறது. வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இழப்பில்லாத வாணிகம்! பொருளாதார மாணவனான எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

“இலவு காத்த கிளி” என்று நாம் ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். காய் வெடித்துப் பஞ்சு பறந்தால் கிளி ஏமாறும் என்பது உண்மைதான். ஆனால் அதே மரத்தைப் பூக்கும் காலத்தில் பார்த்தவர்கள் அதை ஏமாற்றும் மரம் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு காலைப் பொழுதில், ஒரே முள்ளிலவில், மைனா, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தவிட்டுக்குருவி, காகம், அணில் ஆகிய அனைத்தையும் கண்டேன். தேன்சிட்டுகளுள் ஊதாத் தேன்சிட்டின் ஆண் அப்போது கருநீலப் பட்டுடுத்தியது போல் மின்னும். கூடுகட்டும் காலம் கழிந்தால் அப்பட்டைக் களைந்துவிட்டு, பெட்டையைப் போன்ற மங்கலான நிறத்திற்குத் திரும்பிவிடும்.

இதே நாட்களில் கட்கியின் பழைய ஆலமரங்கள் பழுக்கத் தொடங்குகின்றன. மரத்தின் கீழே பழம் உதிரும் ஓசை கேட்கும். மேலே ஒன்றும் தெரியாது. அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் ஓர் இலை நகரும். அது இலை அன்று, மஞ்சட்கால் பச்சைப்புறா. இதுவே மராட்டிய மாநிலத்தின் பறவை. நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவும் புறாவினமே என்பதை நினைத்துக்கொண்டால், இரண்டு மாநிலங்களும் உறவினர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

விடைபெறும் விருந்தினர்

பங்குனியில் மாலை வேளையில் வானத்தைப் பார்க்க வேண்டும். கரிய தலையும் சிறகும், இளஞ்சிவப்பு முதுகும் வயிறும் உடைய மைனா இனப் பறவைகள் கூட்டங் கூட்டமாக வந்து, புகைபோல் விரிந்தும் சுருங்கியும் சுழன்று, மரங்களில் அடைகின்றன. நம் ஊர்ச் சோளக்கொல்லைகளில் சூறைக்குருவி என்றும் சோளக்குருவி என்றும் வழங்குவது இதுவே. புரசம்பூவில் தேனுண்பதால் இவ்வூரார் பளஸ் மைனா என்கின்றனர்.

இப்பறவைக்கு இந்தியா பிறந்த வீடு அன்று. புகுந்த வீடும் அன்று. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரையுள்ள புல்வெளிகளில், வெட்டுக்கிளி மலியும் மே, ஜூன் மாதங்களில் இது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. அது முடிந்ததும் ஜூலை, ஆகஸ்டிலேயே நம் நாட்டிற்குப் புறப்பட்டு வந்து, ஏப்ரல் வரை தங்குகிறது. ஆண்டில் பெரும்பகுதி நம்மிடம் இருக்கிறது. ஆயினும் கூடு கட்டுவது அங்கே. பகற்பொழுது நீள நீள அதன் உடலில் மாறுதல் உண்டாகிறது. பசி மிகுகிறது, தோலின்கீழ்க் கொழுப்புச் சேருகிறது, அமைதியின்மை தோன்றுகிறது. அந்நாட்களில் அதற்கு வழிச்சோறு கட்டிக் கொடுப்பவை புரசும் இலவும் ஆலும்தான். ஆகவே வழியோரத்தில் ஓர் இலவமரத்தை வெட்டுவது, வெகுதொலைவு நடக்கவிருக்கும் ஒருவனின் கட்டுச்சோற்றைப் பறிப்பதாகும். என் குறிப்பேட்டின் முதலாண்டில் இருந்த ஓர் இலவமரம் மூன்றாம் ஆண்டில் இல்லை. சாலை அகலமாயிற்று, மரம் போயிற்று.

வாலாட்டிகளும் கதிர்க்குருவிகளும் இவ்வாறே ஏப்ரலில் வடக்கு நோக்கிப் போய்விடுகின்றன. புனேக்குத் தென்கிழக்கே பிக்வண் என்னும் ஊரை ஒட்டிய உஜனி நீர்த்தேக்கத்தில் பனிக்காலத்தைக் கழிக்கும் பட்டைத்தலை வாத்துகள், இமயமலையைத் தாண்டித் திபெத்து, மங்கோலியா ஆகிய நாடுகளுக்குப் பறப்பவை. புறநானூற்றில் பிசிராந்தையார், குமரித்துறையில் மேய்ந்து வடமலைக்குப் போகும் அன்னத்தை விளித்துப் பேசுகிறார். சத்திமுத்தப் புலவர், குமரியாடி வடதிசை ஏகும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார். அவர்கள் வெறும் கற்பனை செய்யவில்லை. பறவை தெற்கே வரும், பிறகு வடக்கே போகும் என்பதைக் கண்ணால் கண்டு, அந்த உண்மையின்மேல் கவிதையை எழுப்பினார்கள். நாமோ கவிதையை மனப்பாடம் செய்துவிட்டு, வானத்தைப் பார்க்க மறந்துவிட்டோம்.

குயில் எனக்குக் கற்பித்தது

என் முதற்பிழையைச் சொல்லுகிறேன். முதலாண்டுக் குறிப்பேட்டில், “மார்ச்சு மாதம்: குயில் கட்கிக்கு வந்தது” என்று எழுதியிருந்தேன். அது தவறு. குயில் எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயேதான் இருந்தது. பனிக்காலத்தில் வாய் திறவாமல் ஆலிலும் அரசிலும் பழம் தின்றுகொண்டிருந்தது. வேனில் பிறந்ததும் கூவத் தொடங்கிற்று. குரல் கேளாமையைப் பறவை இல்லாமையாக நான் எண்ணிவிட்டேன். கூவுவது கரிய ஆண். புள்ளிகள் நிறைந்த பெட்டை வேறு வகையாகக் கீச்சிடும். காகம் கூடு கட்டும் காலமும் இதுவே என்பதால், குயிலின் முட்டைக்குக் காகம் செவிலித்தாய் ஆகிறது.

இதனினும் சுவையான பறவை அக்காக்குயில். பருந்து போன்ற உருவம்; மேலே மேலே ஏறும் குரல். நள்ளிரவிலும் கூவும். இந்தி பேசுவோர் காதில் அது, “என் காதலர் எங்கே?” என்று கேட்கிறதாம். ஆங்கிலேயர் காதில் “மூளைக் காய்ச்சல்” என்று ஒலித்ததாம். நாம் அதற்கு அக்காவின் பெயரை வைத்தோம். மராத்திய உழவர்களோ இதைப் பாவ்ஷா, அதாவது மழைப்பறவை என்று அழைத்து, “பேர்த்தே வ்ஹா! பேர்த்தே வ்ஹா!” என்று அது கூவுவதாகச் சொல்லுகின்றனர். “விதைக்கப் புறப்படுங்கள்” என்பது பொருள். ஒரே குரலை ஒவ்வொருவரும் தத்தம் கவலைக்கேற்பக் கேட்கின்றனர்! மழையை நம்பி வாழும் வறண்ட தக்காணத்தில், உழவன் கேட்டதுதான் ஆழமாகக் கேட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

கறிவேப்பிலைச் செடியும் காய்ந்த சருகும்

இனி வண்ணத்துப்பூச்சிகள். புனேயில் இவை பெருகுவது மழைக்குப் பிறகு, வேனிலில் குறைவு. குறைவாக இருப்பதாலேயே ஒவ்வொன்றையும் நன்றாகப் பார்க்க முடிகிறது.

கட்கியில் தமிழர் குடியிருக்கும் வீட்டை எளிதில் கண்டுகொள்ளலாம். வாயிலில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கும். எலுமிச்சை இனச் செடிகளிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் இரண்டு பெரிய வண்ணத்துப்பூச்சிகள், நம் பெண்டிரின் சமையலை நம்பியே இவ்வூரில் வாழ்கின்றனவோ என்று நினைக்கத் தோன்றும். தொடக்கத்தில் புழு பறவை எச்சம் போலவே இருக்கும். எந்தப் பறவை தன் எச்சத்தைத் தின்னும்? வளர்ந்தபின் தளிர்ப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவர்ப்பட்ட சிறு கொம்பு ஒன்றை நீட்டி, காரமான நாற்றத்தை வீசும். எங்கள் வீட்டுக்கார அம்மாள் இப்புழுக்களைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, பூச்சி சிறகு விரிப்பதை அவருக்குக் காட்டினேன். அதுமுதல், “இந்தக் கிளை எனக்கு, அந்தக் கிளை அதுக்கு” என்று பாகம் பிரித்துவிட்டார்.

சரக்கொன்றை தளிர்விடும்போது, அத்தளிரில் முட்டையிட வெளிர்மஞ்சள் நிறக் கொன்றை வெள்ளையன்கள் வருகின்றன. எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் முட்டையிடுகிறது. எருக்கின் நஞ்சைப் புழு தன்னுடலில் சேர்த்து வைப்பதால், பூச்சியைத் தின்ற பறவை மறுமுறை அதை நாடாது. ஆற்றோரத்து ஈரமண்ணில் நண்பகலில் பத்து இருபதாகப் பூச்சிகள் அமர்ந்திருந்தால், அவை நீர்வேட்கைக்காக மட்டும் வந்தவை அல்ல. பூந்தேனில் கிடைக்காத உப்பைச் சேற்றிலிருந்து உறிஞ்சுகின்றன. பெரும்பாலும் ஆண்களே அவ்வாறு செய்கின்றன. அவ்வுப்பு கூடலின்போது பெண்ணுக்குச் சேர்ந்து, முட்டைகளுக்கு ஊட்டமாகிறது.

பறவைகளைப் போல் வலசை போகும் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. தெற்கே நம் மலைநாட்டில் நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும், தென்மேற்கு மழை தொடங்குமுன் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்குச் சமவெளிக்குப் பறக்கின்றன. அக்டோபர், நவம்பரில் அவற்றின் வழித்தோன்றல்கள் மலைக்குத் திரும்புகின்றன. கோவைப் பக்கத்து நண்பர்கள் இவ்வூர்வலத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் என் மனத்தை மிகவும் தைத்த பூச்சி, அழகே இல்லாத ஒன்று. அந்திப்பொழுதில் பறக்கும் பழுப்பு நிறப் பூச்சி அது. மழைக்காலத்தில் பிறந்தால் அதன் சிறகின் அடிப்புறத்தில் வரிசையாகக் கண் போன்ற வட்டங்கள் இருக்கும். கொத்த வரும் பகை, உடலை விட்டுவிட்டு அவ்வட்டத்தைக் கொத்தி ஏமாறும். வறண்ட காலத்தில் பிறந்தாலோ அக்கண்கள் மறைந்து, சிறகு முழுவதும் காய்ந்த இலையாகவே ஆகிவிடும். புழுப் பருவத்தில் நிலவும் சூழல், சிறப்பாக வெப்பநிலை, எந்த ஆடை உடுத்துவது என்பதை முடிவு செய்கிறது. சருகின் நடுவே அசையாமல் கிடந்து, மழை வரும்வரை காலத்தைக் கடத்துவது இதன் வழக்கம்.

இங்கே என் இரண்டாம் பிழையைச் சொல்லியாக வேண்டும். முதலாண்டுப் பங்குனியில் நாங்கள் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, எங்கள் தெருக்கோடி ஆலமரங்களின் கீழ்ச் சிரமதானம் செய்தோம். சருகைக் கூட்டிக் குவித்துத் தீயிட்டோம். இடம் துப்புரவாயிற்று என்று மகிழ்ந்து புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். தீ மூண்டபோது, குவியலிலிருந்து நாலைந்து சருகுகள் காற்றில்லாமலே எழுந்து பறந்ததைப் பார்த்தேன். அனலில் எழும்பியவை என்று நினைத்தேன். அவை எவை என்பது அடுத்த ஆண்டு, உயிருள்ள சருகு ஒன்றைக் கையருகே பார்த்தபோதுதான் விளங்கிற்று. எழுந்து பறக்காதவை எத்தனையோ!

ஆறு மணிக்கு வந்த உறவினர்

சென்ற ஆண்டு மே மாதத்தின் நடுவில் ஒரு விடியற்காலை. சாளரக் கண்ணாடியில் ஏதோ மோதிய ஓசை கேட்டு வெளியே வந்தேன். மைனாவைவிடச் சிறிய பறவை ஒன்று தாழ்வாரத்தில் கிடந்தது. பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் மார்பு, கண்ணின் குறுக்கே அகன்ற கருங்கோடு, வெண்மையான தொண்டை, சிறகில் மின்னும் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, வெட்டிவிட்டாற் போன்ற குட்டை வால். மராத்தியர் இதை நவரங் என்று அழைப்பது பொருத்தமே.

எதிர்வீட்டில் இருக்கும் பெரியவர், தென்காசிப் பக்கத்திலிருந்து இளமையில் வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இது நம்ம ஊர் ஆறுமணிக் குருவி ஆச்சே! இங்க எப்படி வந்துது?” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமா, ஐயா?”

“தெரியாம என்ன? ஐப்பசி கார்த்திகையில தோப்புக்குள்ள வரும். காலையில ஆறு மணிக்கு ஒரு சத்தம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சத்தம். எங்க ஆத்தாவுக்கு அதுதான் கடிகாரம். கோடை வந்தா காணாமப் போயிடும். எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்?”

எங்கே போகிறது என்பதற்கு விடை அவர் காலடியிலேயே கிடந்தது. இப்பறவை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பனிக்காலத்தைக் கழித்து, வேனிலில் இரவிரவாகப் பறந்து, மேற்கு இந்தியா, நடு இந்தியா, இமயத்தின் அடிவாரம் ஆகிய இடங்களுக்குக் கூடு கட்டப் போகிறது. இரவில் பறப்பதால் விளக்கொளியில் மயங்கிச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதுவது உண்டு. நாற்பது ஆண்டுகளாகக் கட்கியில் இருந்தும், தம் ஊர்க் குருவி ஆண்டுதோறும் தம் தலைக்கு மேலே போய்வந்தது பெரியவருக்குத் தெரியாது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பறவையைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான மூலையில் விட்டோம். வாயில் நீர் புகட்டவில்லை. அதிர்ச்சியுற்ற பறவைக்கு அது கேடு. இருளும் அமைதியுமே மருந்து. மாலையில் பெட்டியை ஆலமரத்தடிக்கு எடுத்துச் சென்று திறந்தோம். அது பறக்கவில்லை; துள்ளித் துள்ளிச் சென்றது. மதிற்சுவருக்கு அப்பால், எவரும் கூட்டாத சருகுப் படுகையில் புகுந்து, அலகால் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கத் தொடங்கிற்று. இரையெல்லாம் அதற்குச் சருகின் அடியில்தான். மதிலுக்கு இப்புறம், நாங்கள் எரித்த இடம், வெறும் தரையாக இருந்தது. நல்லவேளை, மதிலுக்கு அப்பால் எங்கள் சிரமதானம் எட்டவில்லை!

மறுநாள் விடியலில் இரட்டைச் சீழ்க்கையொலி ஒன்று கேட்டது. பெரியவர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் கேட்கவில்லை. வழியே போய்விட்டது.

நாம் செய்யக்கூடியவை

நண்பர்களே, பெரிய காரியம் எதையும் செய்யச் சொல்லி நான் இதை எழுதவில்லை. மூன்று சிறிய வேண்டுகோள்கள் மட்டும்.

முதலாவது, ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், நேரம், இடம், மரம், கண்டது, கேட்டது என்று ஆறு கட்டங்கள் போதும். “வந்தது” என்று எழுதாதீர்கள். “கேட்டேன்”, “கண்டேன்” என்று எழுதுங்கள். எந்த ஆண்டு புரசு முந்திப் பூத்தது, எந்த ஆண்டு சூறைக்குருவி பிந்திப் போயிற்று என்பதெல்லாம் பத்தாண்டு எழுதினால்தான் விளங்கும். நாம் மூன்றாண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுவோம். ஆகவே குறிப்பேடு சங்கத்தில் இருக்கட்டும், வருகிறவர்கள் தொடரட்டும்.

இரண்டாவது, பெயர்களைச் சேருங்கள். உங்கள் ஊரில் இப்பறவைக்கு, இப்பூச்சிக்கு என்ன பெயர் என்று விடுமுறையில் போகும்போது பாட்டியிடம் கேட்டு வாருங்கள். ஆறுமணிக் குருவி என்ற பெயர் அப்பெரியவருடைய நினைவில் இல்லாமற் போயிருந்தால், அன்று என் தாழ்வாரத்தில் கிடந்தது ஏதோ ஒரு நிறப்பறவை, உறவினர் அன்று.

மூன்றாவது, விடுதியிலும் வீட்டிலும் சருகை எரிக்க விடாதீர்கள். நடைவழியைக் கூட்டுங்கள், மரத்தடியில் ஒரு மூலையையேனும் அப்படியே விட்டுவிடுங்கள். பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள கணேஷ்கிந்த் தோட்டம் 2020ஆம் ஆண்டு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரசு அறிவித்த இடம் அது. நாம் அறிவிக்கக்கூடிய இடம் நம் மரத்தடி மூலை.

எங்கள் தெருவில் இவ்வாண்டு பங்குனியிலும் துடைப்பத்தோடு இளைஞர்கள் வந்தனர். நானும் பெரியவரும் போய்ப் பேசினோம். பாதி இடத்தை விட்டுவிட்டுப் போனார்கள். மறுபாதி எரிந்தது. சென்ற முறையைவிட இது நன்று.

புதிய நண்பர் அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கட்கி இரயில் நிலையத்திற்கு வரட்டும். உயிரோடு இருப்பவற்றைக் காட்டுகிறேன்.